வறுமை 2 சதவீதம்தான் என்றால் வீட்டுக்கு வீடு கடன் ஏன்?

கேள்வி இதுதான்: "தமிழ்நாட்டில் ஏழைகள் 2 சதவீதம்தான் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. ஆனால் கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில்கூட வாரக் கடைசியில் கையில் காசு நிற்பதில்லை. வீட்டுக்கு வீடு கடன். அறிக்கை பொய்யா, இல்லை நம் மக்களுக்குப் பணத்தைக் கையாளத் தெரியவில்லையா?"

இரண்டும் இல்லை. அறிக்கை தான் அளந்ததைச் சரியாகவே சொல்கிறது. மக்களும் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தான் செலவு செய்கிறார்கள். நடந்திருப்பது என்னவென்றால், தமிழ்நாட்டில் வறுமை சோற்றுப்பானையை விட்டுத் தவணை அட்டைக்கு இடம் மாறிவிட்டது. அறிக்கை பானையைப் பார்க்கிறது, நீங்கள் அட்டையைப் பார்க்கிறீர்கள்.

முதலில் அந்த 2 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மத்திய அரசின் நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 2.20 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கில் 4.89. முதலாவது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வையும், இரண்டாவது 2015-16 ஆய்வையும் வைத்துப் போட்டவை. இதில் 12 விஷயங்களைப் பார்க்கிறார்கள்: ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பேறுகால நலம், படித்த ஆண்டுகள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வீட்டுப் பொருட்கள், வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. இல்லாதவற்றின் மதிப்பைக் கூட்டி மூன்றில் ஒரு பங்கு வந்தால் அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம்.

திருப்பூரில் லைன் வீட்டில் இருக்கிற ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி குடும்பத்தை இந்தக் கணக்கில் வையுங்கள். எட்டு வீட்டுக்கு இரண்டு கழிப்பறை. பொதுக் கழிப்பறை என்பதால் அது குறையாகப் பதிவாகும், மதிப்பு 21இல் 1. மற்றபடி கேஸ் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, செல்போனும் பழைய பைக்கும் இருக்கின்றன, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வங்கிக் கணக்கு இருக்கிறது. ஆக ஏழைக் கணக்கில் வரவே வராது. வாடகை எவ்வளவு, வேலை எத்தனை நாள், கடன் எவ்வளவு என்று கேட்க அந்தப் பன்னிரண்டில் இடமே இல்லை. குறியீடு தவறு என்று நான் சொல்லவில்லை. அடிப்படை வசதி இல்லாதவர்களைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி. உழைக்கும் குடும்பத்தின் பொருளாதாரத்தை அறிய அதைப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

பணத்தை வைத்துப் போட்ட வறுமைக்கோடும் இருந்தது. டெண்டுல்கர் குழு சொன்ன முறையில் 2011-12இல் தமிழ்நாட்டுக்கு வைத்த கோடு கிராமத்தில் ஆளுக்கு மாதம் 880 ரூபாய், நகரத்தில் 937 ரூபாய். நாலு பேர் உள்ள கிராமத்துக் குடும்பம் மாதம் 3,520 ரூபாய்க்கு மேல் செலவு செய்தால் ஏழை இல்லை. அந்தக் கோட்டிலேயே அன்றைக்கு 11.28 சதவீதம் பேர் கீழே இருந்தார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2023-24 நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டின் ஆள்வீத மாதச் செலவு கிராமத்தில் 5,701 ரூபாய், நகரத்தில் 8,165 ரூபாய். அதாவது நகரத்தில் நாலு பேர் குடும்பத்துக்குச் சராசரி 32,660 ரூபாய். வறுமைக்கோட்டுக்கு வெகு மேலே, இந்தச் சராசரிக்குக் கீழே என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. தையல்காரர், சித்தாள், தறி ஓட்டுபவர், பீடி சுற்றுகிற அம்மா, கடைப்பையன், வீட்டு வேலை செய்கிற அக்கா. கேள்வியில் நீங்கள் சொன்ன வீடுகள் இவைதாம். இவர்களுக்கு அரசுக் கணக்கில் பெயர் கிடையாது. ஏழை என்றால் பட்டியலில் வருவார்கள், வருமான வரி கட்டினால் வேறு பட்டியலில் வருவார்கள். நடுவில் இருப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். செய்ததால்தான் இவர்கள் கோட்டுக்கு மேலே நிற்கிறார்கள். ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ரேஷன் கார்டு கொடுத்த மாநிலம் இது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த வருஷமே மாநிலம் முழுக்கப் போனது. 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. பூ விற்கிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் இவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காசு என்பதைக் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும். பக்கத்துத் தெருவில் மட்டும் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது நாலு ஸ்டாப் தள்ளி அதிகச் சம்பளத்துக்குப் போகிறார்கள். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு. சிலிண்டர் விலையே 800ஐத் தாண்டிய நாளில் ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். தன் பெயரில், தன் கணக்கில், யாரிடமும் கேட்காமல் வருகிற பணம் என்பது வேறு விஷயம். அதை வாங்குகிற பெண்களிடம் பேசினால் புரியும்.

ஆக, பசி இல்லை. பிறகு கடன் ஏன்?

வருமானம் குறைவு என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, வருமானம் வருகிற விதம். கூலி ஏறி இறங்குகிறது, தவணை ஒரே மாதிரி நிற்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

மறுபடி திருப்பூர் வீட்டுக்கே போவோம். அங்கே வேலையை ஷிஃப்ட் கணக்கில்தான் பேசுவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு ஷிஃப்ட். ராத்திரி எட்டு, எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை. ஷிப்மெண்ட் அவசரம் என்றால் விடிய விடிய ஓடும். சம்பளம் சனிக்கிழமை. கணவர் டெய்லர், ஷிஃப்டுக்கு 500 ரூபாய். மனைவி செக்கிங், 350 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆர்டர் நிறைய இருக்கிற வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால் ஆளுக்கு ஒன்பது ஷிஃப்ட். இருவருக்கும் சேர்த்து 7,650 ரூபாய். ஆர்டர் இல்லாத வாரத்தில் நாலு நாள், ஒரு ஷிஃப்ட். அப்போது வருவது 3,400.

வாடகை வாரத்துக்கு 1,250 என்று வரும். குழுக்கடன் இரண்டு இருந்தால் 1,200 வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வாரத்தில் இதெல்லாம் போகக் கையில் 5,200 நிற்கும். மந்தமான வாரத்தில் 950. அந்த 950இல் காய்கறி, பால், கேஸ், கரண்ட், பிள்ளைகளின் வேன், ஊரில் இருக்கிற அம்மாவின் மாத்திரை. இங்கே கரண்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருக்கிறது. ஆனால் லைன் வீடுகளில் பல ஓனர்கள் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே வசூல் செய்கிறார்கள். இலவசம் வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிடுகிறது.

இந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு? நல்ல வாரத்தை 52ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 4 லட்சம். மந்தமான வாரத்தைப் பெருக்கினால் 1.77 லட்சம். பாதிக்குப் பாதி என்று போட்டால் 2.87 லட்சம். மகளிர் உரிமைத் தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு 72,000 ஆக இருந்த வரம்பை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். மாதம் 10,000 என்பது இரண்டு பேர் வேலைக்குப் போகிற எந்த வீட்டிலும் தாண்டிவிடுகிற தொகை. சட்டப்படி பார்த்தால் இந்த வீட்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் இல்லை, ஆயிரம் ரூபாயும் இல்லை. ஆனால் மைக்ரோ ஃபைனான்ஸ் என்கிற குழுக்கடன் வாங்கத் தகுதி உண்டு. ரிசர்வ் வங்கி 2022இல் அதற்கு வைத்த வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம். உதவிக்கு வசதி கூடுதல், கடனுக்கு வசதி சரியான அளவு என்ற நிலையில் அந்தக் குடும்பம் நிற்கிறது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தனித்தனி அலுவலகங்கள் தனித்தனியாக வைத்த வரம்புகள் ஒரே வீட்டின் மேல் இப்படி வந்து விழுகின்றன.

கம்பெனி ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டைக் கட்டினால் மருத்துவப் பிரச்சினை பெருமளவு தீரும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் அதில் வரலாம், தொழிலாளி கட்ட வேண்டியது முக்கால் சதவீதம்தான். ஏற்றுமதி செய்கிற பெரிய கம்பெனிகளில் கட்டுகிறார்கள். அவர்களிடம் வேலை எடுத்துச் செய்கிற ஜாப் ஒர்க் யூனிட்களில், பவர் டேபிள் என்கிற தையல் பட்டறைகளில், காண்ட்ராக்டில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. துணி ஒரே துணிதான், வெளிநாட்டுக் கடையில் தொங்குகிற சட்டையும் ஒன்றுதான். அதைத் தைத்தவர்களில் பல பேருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோது, நஷ்டக் கணக்கை ஏற்றுமதியாளர்கள் கோடிகளில் பேசினார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்டாகச் சுருங்கினால் வீட்டில் என்ன ஆகும் என்ற கணக்கை யாரும் கோரிக்கை மனுவில் வைக்கவில்லை.

இப்போது கடனுக்கு வருகிறேன். கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

உழைக்கும் குடும்பத்தில் கடன் ஒரே ஆளிடம் ஒரே தடவையில் வாங்குவதில்லை. மூன்று நாலு இடங்களில் இருக்கும், ஒன்றை அடைக்க இன்னொன்று. அதில் முதலாவது மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடன். பீகாரோடு சேர்ந்து தமிழ்நாடும் நாட்டிலேயே இந்தக் கடன் அதிகம் உள்ள மாநிலங்களில் ஒன்று. ஐந்தாறு பெண்கள் குழுவாகச் சேர வேண்டும். அடமானம் எதுவும் கிடையாது. ஒருவருக்கொருவர் ஜாமீன். வாரம் அல்லது மாதம் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் மீட்டிங். வசூலுக்கு வருகிற பையன் டேப்லெட்டைத் திறந்து வைத்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவான். எல்லோரும் கட்டி ஒருத்தி கட்டவில்லை என்றால் மீட்டிங் முடியாது. மற்றவர்கள் எழுந்து போக முடியாது. ஒருத்திக்கு வேலைக்கு நேரமாகும், இன்னொருத்திக்கு அடுப்பில் குழம்பு இருக்கும். கடைசியில் மற்றவர்கள் ஆளுக்கு நூறு இருநூறு போட்டு அந்தத் தவணையைக் கட்டுவார்கள். பிறகு அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வசூல் செய்பவன் குரலை உயர்த்தவே வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களே வசூல்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடனின் உண்மையான விலை அதன் வட்டி இல்லை. வட்டியும் ஒன்றும் குறைவில்லை, வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல்தான். ஆனால் அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்துக்கொண்டிருந்த தெருவை அது கெடுத்துவிடுகிறது.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எந்த மாத வருமானம்? கடன் கொடுக்கும்போது எழுதுவது ஷிஃப்ட் நிறைய இருந்த மாதத்தின் கணக்கு. கட்டுவது எல்லா மாதமும். அப்புறம் 2025 ஏப்ரல் முதல் ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது என்று அந்த நிறுவனங்களின் அமைப்பே கட்டுப்பாடு வைத்தது. நோக்கம் நல்லது, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் நாலாவது கடனை வாங்கி மூன்றாவதைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று வழி அடைத்தது. அவர்கள் தண்டலுக்குப் போனார்கள்.

தண்டல் தெரியாதவர்களுக்காக: 10,000 ரூபாய் என்று பேசி 9,000 கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு எளிமையாக இருக்கும், ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாக உங்கள் கையில் இருப்பது நாலாயிரத்து ஐந்நூறுதான். அதற்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஆயிரம் ரூபாய். வருஷ வட்டிக்கு மாற்றினால் 80 சதவீதம் வருகிறது. தள்ளுவண்டிக் கடைக்காரர்களின் முதலீடு பெரும்பாலும் இதுதான். இதற்கு மேலே கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று இருக்கின்றன. 2003இல் தடைச் சட்டம் வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகிச் செத்தார்கள். அந்தக் குடும்பம் அதற்கு முன் பல தடவை மனு கொடுத்திருந்தது. சட்டம் வந்து பதினாலு வருஷம் ஆன பிறகு நடந்தது அது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். மனுவை வாங்குகிறவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலன்.

நகைக்கடன் இவற்றில் கொஞ்சம் நல்ல கடன். வட்டி குறைவு, மானம் போகாது. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நகை என்பதுதான் வேலையில்லாக் கால உதவித்தொகை. மழை பெய்து கட்டட வேலை நின்றால் தோடு போகும், வேலை வந்தால் திரும்பும். 2021இல் ஆட்சி மாறிய பிறகு கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரனுக்குள் வைத்த கடன்களை, சில நிபந்தனைகளோடு, அரசு தள்ளுபடி செய்தது. அதனால் நிம்மதி அடைந்த வீடுகள் நிறைய. ஆனால் பல வீடுகளில் நகை மீளவே மீளாது. வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பது வழக்கம். 2024-25இல் ரிசர்வ் வங்கியின் கெடுபிடிக்குப் பிறகு, அசலோடு கட்டி மீட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டும் என்று பல வங்கிகள் சொல்ல ஆரம்பித்தன. அசலுக்கு எங்கே போவது? வங்கி வாசலிலேயே ஒரு நாளைக்குப் பணம் தர ஆள் வந்துவிட்டார்கள். காலையில் வாங்கி, நகையை மீட்டு, அதே கவுன்ட்டரில் திரும்ப வைத்து, மதியம் வட்டியோடு கொடுத்துவிட வேண்டும். விதியைப் போட்டவர்கள் கடன் ஒழுக்கத்தை நினைத்துப் போட்டார்கள், லாபம் அடைந்தவர் வாசலில் நின்றவர். தங்கம் விலை ஏற ஏற இன்னொன்றும் நடக்கிறது. அதே வளையலுக்குப் போன வருஷத்தைவிட அதிகப் பணம் கிடைக்கிறது. அந்த அதிகத்தையும் வாங்கிவிடுகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் வசதி கூடியது போலவே தெரியும்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். பணம் தேவைப்படுகிறவர் விருந்து வைக்க, ஊர் மொய் செய்யும். சில வருஷம் கழித்து அவரவர் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டி இல்லை. அதிலும் குறைகள் உண்டு, நோட்டைப் பார்த்துச் சண்டை வந்த வீடுகளும் உண்டு. இருந்தாலும் திருப்பிக் கட்டுவதற்கு வருஷக்கணக்கில் அவகாசம் தருகிற கடன் வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

இதில் மிக மோசமானது வேலையோடு கட்டிய கடன். நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் வேலைக்குச் சேரும்போதே முன்பணம் தருவார்கள். அங்கே அதற்குப் 'பாக்கி' என்று பெயர். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய பாக்கி தீரும்வரை வேறு தறிக்கு மாற முடியாது. மாற வேண்டுமென்றால் புது ஓனர் பழைய பாக்கியைக் கட்டி எடுத்துக்கொள்வார். கடன் அப்படியே இருக்கும், ஓனர்தான் மாறுவார். கூலி கூடக் கேட்கிற வாய் அங்கேயே அடைபடுகிறது. 2025இல் பள்ளிபாளையம் பகுதியில் தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற விவகாரம் வெளியே வந்தது, சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. தரகர்களைப் பிடித்தார்கள், மருத்துவமனைகளை விசாரித்தார்கள், சரி. அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திய பாக்கி முறை அப்படியே இருக்கிறது. திருவள்ளூர் செங்கல் சூளைகளிலும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதே கதைதான்.

கடன் வாங்க வைக்கிற செலவுகள் என்னென்ன என்றால், பெரும்பாலும் மூன்று: உடம்பு, படிப்பு, விசேஷம். விசேஷத்தைப் பற்றித்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் முதல் இரண்டும்தான் குடும்பத்தைச் சாய்ப்பவை. காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷன் செலவைக் கொடுக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் வேலைக்குப் போகாததற்கும், கூட இருந்து பார்த்துக்கொண்ட மனைவியின் சம்பளத்துக்கும் எதுவும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. நான் மனதாரப் பாராட்டுகிற திட்டம் அது. மாத்திரையை நிறுத்தியதால் வந்த பக்கவாதம் எத்தனை வீடுகளைக் கடனில் தள்ளியிருக்கிறது என்று தெரிந்தால் அதன் அருமை விளங்கும்.

படிப்புச் செலவு நம்பிக்கையால் வருகிற செலவு. உயர்கல்விக்குப் போகும் இளைஞர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம் என்கிறது 2021-22 கணக்கு. பெரிய மாநிலங்களில் இது மிக உயர்ந்த அளவு. சித்தாள் வேலைக்குப் போகிறவர் மகள் நர்சிங் படிக்கிறாள், டெய்லர் மகன் இன்ஜினியரிங். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளை படித்து வெளியே வந்து வாங்குகிற முதல் சம்பளம் பல சமயம் அப்பாவின் ஷிஃப்ட் சம்பளத்தைவிடக் குறைவு. கடன் வாங்கிப் படிக்க வைத்த கணக்கு அங்கே உதைக்கிறது. 2024-25இல் மாநிலப் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் தன் மகனுக்கு என்ன வேலை என்று கேட்கிற அப்பாவுக்கு அந்த எண் பதில் சொல்லவில்லை.

டாஸ்மாக்கைச் சொல்லாமல் விட முடியாது. 2024-25இல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 48,344 கோடி. 2025-26 பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. உடம்பு வலிக்கிற வேலை செய்கிறவர்கள் குடிக்கிறார்கள். கடை பக்கத்தில் இருக்கிறது, அன்றாடக் கூலி அன்றாடம் கையில் இருக்கிறது. திருந்தச் சொல்லிப் பாடம் எடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் குடும்பத்தின் வரவு செலவை எழுதச் சொன்னால் பெண்கள் இந்த வரியைச் சொல்லத் தயங்கி, கடைசியில்தான் சொல்வார்கள். அது வாடகைக்குச் சமமாக இருக்கிற வீடுகள் உண்டு.

கிராமத்தில் நிலைமை வேறு மாதிரி. நூறு நாள் வேலைதான் பெண்களுக்குக் கையில் வந்த முதல் பணம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்கள். 2025-26இல் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்குச் சற்று முன், 2025 ஜனவரியில், தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி பாக்கி மட்டும் 1,056 கோடி என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பொங்கல் நேரம் அது. வேலை பார்த்து முடித்தவர்கள் மளிகைக் கடையில் கடன் சொன்னார்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலையும் தூளும் கம்பெனி தரும். கொடுத்த இலையில் ஓட்டையும் பழுப்பும் இருந்தால் ஆயிரம் தேறாது, குறைந்த இலையை அவர்களே காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும். கொண்டுபோன பீடியில் கடைக்காரர் கழித்துப் போடுவது தனி. பாஸ்புக் இருந்தால் பிஎஃப் உண்டு, இல்லாதவர் இன்னொருவர் பெயரில் சுற்றிக் கொடுப்பார். கட்டட வேலையில் கூலி பரவாயில்லை. ரிசர்வ் வங்கித் தொகுப்பில் 2022-23க்குத் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளிக்கு நாளுக்குச் சராசரி 500.90 ரூபாய், கேரளத்தில் 852.50. நம் ஆட்கள் பாலக்காடு தாண்டிப் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இங்கே வந்து உழைக்கிற ஒடிசா, பீகார் குடும்பங்களையும் மறக்கக் கூடாது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது, தானியம் வாங்கலாம். மற்ற உதவிகள் பல அவர்களுக்கு எட்டுவதில்லை. நம் ஊர் ஏழைக்குக் கீழே இன்னொரு படி அது.

என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இலவசங்கள் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. ரேஷனும் பஸ்ஸும் நிலைக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. அடுத்த வேலை கூலியை நிலையாக்குவது. ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் ஈஎஸ்ஐ கட்ட வேண்டிய பொறுப்பை ஆர்டர் எடுத்த கம்பெனியின் மேல் வைக்க வேண்டும். காப்பீட்டுக்கு வருமான வரம்பே தேவையில்லை, ரேஷனைப் போல எல்லோருக்கும் கொடுக்கலாம். நோயில் படுத்தால் கூலியில் ஒரு பங்கு தரும் ஏற்பாட்டை நல வாரியங்கள் வழியாகவே செய்யலாம். 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வாரியங்கள் அமைத்த மாநிலம் இது, கட்டடத் தொழிலாளர்களுக்கு 1994இலேயே வாரியம் வந்துவிட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அதுவரை, நீங்கள் பார்க்கிற அந்த வீடுகளுக்குச் சில காரியங்கள் சொல்லுங்கள். நல வாரியத்தில் பதியாதவர்கள் பதியட்டும், பதிந்தவர்கள் புதுப்பிக்கட்டும். விபத்து, இயற்கை மரணம், பிள்ளைகள் படிப்பு, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் இருக்கின்றன, புதுப்பிக்காததால் இழந்தவர்கள்தான் அதிகம். கம்பெனியில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பார்த்துக் கேட்கட்டும். குழுக்கடன் வேண்டுமென்றால் மைக்ரோ ஃபைனான்ஸுக்குப் போகுமுன் மகளிர் திட்டத்தின் சுய உதவிக் குழுவில் சேர்ந்து வங்கி வழியாக வாங்கப் பார்க்கட்டும். நாள் ஆகும், ஆனால் வட்டி கிட்டத்தட்டப் பாதிதான். நகையை அடகுக்கடையில் வைத்திருந்தால் கூட்டுறவு வங்கிக்கு மாற்ற முடியுமா என்று விசாரிக்கட்டும். மைக்ரோ ஃபைனான்ஸ் ஆள் காலை ஒன்பதுக்கு முன்னாலோ சாயங்காலம் ஆறுக்குப் பின்னாலோ வசூலுக்கு வந்து நின்றால் அது ரிசர்வ் வங்கி விதிக்கு விரோதம். எப்படிப் புகார் செய்வது என்று 14448 என்ற எண்ணில் கேட்கலாம். வந்த நாளையும் நேரத்தையும் தவணை அட்டையின் பின்பக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், புகாருக்கு அது உதவும்.